பத்துப் பேரும் ஒருத்தியும்

நெய்தல் அணியின் பெண்கள் மைதானத்தில் ஒருவரையொருவர் கூப்பிடுவதை நிறுத்திய வருஷம் ஜெசிந்தாவுக்கு முப்பது வயது. அவள் அந்த அணியின் கோல்கீப்பர். ராயபுரத்துக்காரி. தொண்டை கட்டிப்போகும் அளவுக்குக் கத்துவதுதான் கோல்கீப்பரின் பாதி வேலை என்று நம்பி வளர்ந்தவள். 'லைன் ஏறு', 'பின்னாடி ஆளு', 'வுடு, என்னுது' என்று ஆட்டம் முழுக்க அவள் குரல் ஒரு கம்பத்துக்கும் இன்னொரு கம்பத்துக்கும் நடுவே அலைந்துகொண்டிருக்கும். கேலரியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூட, அவள் கத்துவதைக் கேட்டு யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

சீசன் தொடங்குவதற்கு முன் கோச் ஆபிரகாம் எல்லோரையும் வெள்ளைப் பலகைக்கு எதிரே உட்காரவைத்தார்.

"எதிராளிய அவங்க கோலுக்குப் பக்கத்துலயே வெச்சு மடக்கப் போறோம்," என்றார். "பந்து அவங்க டிஃபெண்டர் காலுக்குப் போனதுமே நம்ம முன்னாடி ஆள் ஓடணும். நேரா இல்ல, வளைஞ்சு. ஒரு பக்கத்த அடைச்சுக்கிட்டே போகணும். அவ ஓடறப்பவே ரெண்டாவது வரிசை பாஸ் போற வழியெல்லாம் மறிக்கணும். டிஃபென்ஸ் நடுக்கோடு வரைக்கும் ஏறிடணும். பந்து வெச்சிருக்கிறவளுக்கு நிமிர்ந்து பாக்கவே நேரம் இருக்கக்கூடாது."

"இது எல்லா டீமும் பண்றதுதானே சார்?" என்றாள் செம்மலர். வலது விங்கில் ஆடுபவள். கடலூர்க்காரி, இருபத்திரண்டு வயது. கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"பண்ணப் பாக்கறாங்க. முடியல. பத்துப் பேரும் ஒரே நேரத்துல கிளம்பணும். ஒருத்தி அரை நொடி தாமதிச்சா அங்க ஒரு ஓட்டை விழும். அந்த ஓட்டையில ஒரு பாஸ் வந்துட்டா, நமக்குப் பின்னாடி பாதி கிரவுண்டு காலி. அங்க யாரு இருப்பா?"

"நான்தான்," என்றாள் ஜெசிந்தா. "வேற எவ இருப்பா, அம்போன்னு?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அறையில் அவர்கள் தனித்தனியாகச் சிரித்த கடைசி நாட்களில் அது ஒன்று.

அந்த அரை நொடியை ஒழிக்க வந்தவர் டாக்டர் மீனலோசனி. நரம்பியல் ஆராய்ச்சி செய்கிறவர். அதிர்ந்து பேசமாட்டார். அவர் கையில் கொண்டுவந்த பொருள் ஒரு மொச்சைக்கொட்டையைவிடப் பெரிதில்லை. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், எலும்பை ஒட்டிப் பதித்துவிடலாம். லீக் அந்த ஆண்டுதான் அதற்கு அனுமதி கொடுத்திருந்தது.

"கால் அசையறதுக்கு முன்னாடியே உடம்பு தன்னைத் தயார் பண்ணிக்கும்," என்று அவர் விளக்கினார். "எந்தப் பக்கம் சாயப்போறோம்னு காதுக்குள்ள இருக்கிற நரம்புக்கு முன்கூட்டியே தகவல் போயிடும். இது அந்தத் தகவலைப் படிச்சு மத்தவங்களுக்கும் அனுப்பும். முன்னாடி நிக்கிறவளுக்கு ஓடணும்னு தோணினா, அதே நேரத்துல உங்க எல்லாருக்கும் ஓடணும்னு தோணும். யோசிக்கவே வேண்டியதில்ல."

"அப்ப இவ மனசுல நெனக்கிறதெல்லாம் எனக்குத் தெரிஞ்சிடுமா?" என்று செம்மலர் பக்கத்தில் இருந்தவளைக் காட்டிக் கேட்டாள்.

"மனசெல்லாம் இல்லம்மா. உடம்பு எங்க போக நினைக்குதோ, அது மட்டும்."

பத்துப் பேருக்கும் பதித்தாயிற்று. மொச்சை என்றே அதற்குப் பெயரும் ஆயிற்று. ஜெசிந்தாவுக்குப் பரிசோதனையிலேயே நின்றுபோனது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து அவளுடைய இடது காது கேட்காமல் போயிருந்தது. அந்தப் பக்கத்து நரம்பில் சத்தும் இல்லை, தகவலும் இல்லை. அவள் உடம்பு இத்தனை வருஷமாகக் கண்ணை வைத்துத்தான் நேராக நின்றிருக்கிறது.

"ரெண்டு பக்கமும் வேலை செஞ்சாத்தான் இது பிடிக்கும்," என்றார் டாக்டர். "மன்னிச்சுக்கோங்க ஜெசிந்தா."

"பரவால்ல டாக்டர். நான் எங்க ஓடப்போறேன்? நிக்கிற எடத்துலயே நிக்கிறவதானே."

சொன்னபோது அது அவளுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

மொச்சையோடு ஆடிய முதல் ஆட்டத்தை ஜெசிந்தா தன் கம்பத்தில் சாய்ந்து நின்று பார்த்தாள். எதிரணி டிஃபெண்டர் பந்தைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினாள், அவ்வளவுதான். பத்துப் பேரும் ஒரு துணியின் நுனியைப் பிடித்து இழுத்த மாதிரி ஒன்றாக நகர்ந்தார்கள். ஒருத்தி மறித்த வழியை இன்னொருத்தி மறிக்கவில்லை. ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி ஏற்கெனவே இருந்தாள். அந்த டிஃபெண்டர் பயந்துபோய் பந்தை வெளியே உதைத்தாள். ஜெசிந்தாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அப்பிடிப் போடு!" என்று கத்தினாள். கத்தியதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜெயித்தார்கள். அடுத்ததையும் ஜெயித்தார்கள். அணியின் பெயர் ஊரெல்லாம் பரவியது. பந்து எப்போதும் எதிரணியின் பக்கத்திலேயே கிடந்தது. ஜெசிந்தா பாதி மைதானத்துக்குத் தனியாகச் சொந்தக்காரியானாள். அவள் பக்கத்துப் புல்வெளியில் மைனாக்கள் வந்து இறங்கி மேய்ந்தன. பழக்கத்தில் 'லைன் ஏறு' என்று கத்த வாயைத் திறப்பாள். அதற்குள் லைன் ஏறியிருக்கும். 'பின்னாடி ஆளு' என்பாள். அந்த ஆளை அதற்கு முன்பே ஒருத்தி மறித்திருப்பாள். தேவையில்லாத குரல் கொஞ்ச நாளில் தானாகவே அடங்கிவிட்டது. ஆட்டம் முடிந்து அறைக்குப் போகும்போதுதான், இன்றைக்கு நாம் வாயே திறக்கவில்லை என்று அவளுக்கு உறைக்கும்.

ஆட்டம் முடிந்ததும் மொச்சையை அணைத்துவிடுவார்கள். ஆனாலும் மெஸ்ஸில் சாப்பிடும்போது பத்துக் கைகள் ஒரே நேரத்தில் தண்ணீர் டம்ளரைத் தொட்டன. யாரும் யாரிடமும் சாம்பார் கேட்கவில்லை. கேட்காமலே வாளி நகர்ந்து வந்தது. "அந்த ஊறுகாய இப்பிடித் தள்ளு" என்று ஜெசிந்தா சொன்னால், அறைக்குள் ஏதோ கீழே விழுந்து உடைந்த மாதிரி பத்துப் பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர்கள் முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாலு பேர் சேர்ந்து அவளை ஒதுக்கிவைத்திருந்தால் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பாள். இங்கே யாரும் அவளை ஒதுக்கவில்லை. அவளுக்கு எட்டாத ஓர் இடத்தில் அவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஹாஸ்டலில் செம்மலரும் அவளும் ஒரே அறை. முன்பெல்லாம் செம்மலர் வாய் ஓயாமல் பேசுவாள். அண்ணனின் படகு, அண்ணியின் கோபம், தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுடச்சுட விற்கும் மீன் வறுவல் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவாள். "போதும்டி, காது வலிக்குது," என்று ஜெசிந்தா கையெடுத்துக் கும்பிடுவாள். இப்போது செம்மலர் கட்டிலில் மல்லாந்து படுத்து விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி யோசிக்கறே?"

"தெரியலக்கா."

"ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

"ம்."

"எங்கிட்ட ஏதாச்சும் கோவமா?"

செம்மலர் அந்தக் கேள்வியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவள் போல விசிறியைப் பார்த்தாள். "இல்லக்கா," என்றாள் கடைசியில். ஜெசிந்தா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே சரியாகப் புரியவில்லை.

சீசனின் பின்பாதியில் கோயம்புத்தூரில் ஓர் ஆட்டம். மழை பெய்து புல் வழுக்கியது. வலது ஓரத்தில் ஓடிப்போன செம்மலர் திரும்பும்போது கால் புதைந்து, முழங்கால் தப்பான பக்கம் ஒரு திருகு திருகியது. தூரத்தில் நின்றாலும் ஜெசிந்தாவின் கண்ணுக்கு அது தப்பவில்லை. கண்ணை வைத்தே பிழைத்தவள் அவள்.

செம்மலர் விழவில்லை. ஓடினாள். வலது பாதம் வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. அதோடுதான் ஓடினாள். பந்து எதிரணியிடம் போனது. பத்துப் பேரும் பாய்ந்தார்கள், அவளும் பாய்ந்தாள். பந்து பின்னால் போனது. மறுபடி பாய்ந்தார்கள், மறுபடி அவளும்.

"செம்மா! உக்காருடி!" என்று ஜெசிந்தா கத்தினாள். மாதக்கணக்கில் கத்தாத குரல் கரகரத்தது. "கால் போச்சுடி! உக்காரு!"

யாரும் திரும்பவில்லை. பெஞ்சைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கோச் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மடியில் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பத்துக் கோடுகளும் அழகாக ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன.

அந்த நேரத்தில் எதிரணி நீளமாக உதைத்த பந்து ஜெசிந்தாவின் கைக்கு வந்தது. அவள் அதைப் பிடித்தாள். முன்னால் எறிந்தால் பத்துப் பேரும் மறுபடி ஓடுவார்கள். அவள் பந்தைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் சுருண்டு விழுந்தாள்.

ரெஃப்ரி விசில் ஊதினார். யாருக்காவது அடிபட்டு ஆட்டம் நின்றால் மொச்சையை அணைக்க வேண்டும் என்பது விதி. டாக்டர் அணைத்தார். அந்தக் கணத்தில்தான் செம்மலரின் அலறல் கேட்டது. அத்தனை நேரமும் வாசலில் காத்திருந்த வலி ஒரேயடியாக உள்ளே புகுந்ததுபோல, அவள் நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தாள்.

ஆட்டம் தோல்வியில் முடிந்தது. டிரெஸ்ஸிங் ரூமில் கோச் ஜெசிந்தாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நடிச்சியா?"

"ஆமா சார்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்ட்டேன் சார். யாருக்கும் கேக்கல."

டாக்டர் மீனலோசனிதான் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வலியை அது அனுப்பாது. அனுப்பினா ஒருத்தி அடிபட்டா பத்துப் பேரும் விழுந்துடுவாங்கன்னு அதை வடிகட்டிட்டோம். ஓடணுங்கிற எண்ணம் மட்டும்தான் போகும். இவ உடம்பு ஓடாதேன்னு சொல்லியிருக்கு. ஒம்பது பேரோட உடம்பு ஓடுன்னு சொல்லியிருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "உடம்பு பெரும்பான்மைய கேட்டுடுச்சு."

"அப்ப அத எடுத்துருங்க டாக்டர்."

"ஒருத்தியோட உடம்பு மாறிச் சொன்னா திரையில காட்டற மாதிரி திருத்தலாம். எடுக்க மாட்டாங்க ஜெசிந்தா. லீக்ல நாமதானே முதல் இடம்."

சில நாள் கழித்து டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோச்சும் இருந்தார். மொச்சையில் புது வகை ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார்கள். காது நரம்பு தேவையில்லை. பிடரிக்குக் கீழே, தண்டுவடத்தின் ஓரமாக வைப்பது. அவளுக்கும் அது பிடிக்கும்.

"நீ வெளிய நின்னதாலதான் அன்னிக்கு அந்தக் குழப்பம்," என்றார் கோச். குரலில் கடுமை இல்லை. "உள்ள இருந்திருந்தா நீ கத்த வேண்டிய அவசியமே வந்திருக்காது. நீ பார்த்தது எல்லாருக்கும் போயிருக்கும்."

ஜெசிந்தா தலையாட்டினாள். வெளியே வந்து படியில் இறங்கும்போது கால் தரையில் படவில்லை. செம்மலர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது இப்படி ஒரு சந்தோஷமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் சந்தோஷம் போகவில்லை. இனி மெஸ்ஸில் அவள் கையும் டம்ளரைத் தொடும். அவர்கள் இருக்கும் இடத்தில் அவளும் இருப்பாள்.

அன்று மாலையே அதைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனாள். செம்மலருக்கு முழங்கால் தசைநாரைத் தைத்திருந்தார்கள். சிகிச்சைக்காக மொச்சையை எடுத்திருந்தார்கள். முகம் வெளிறிக் கிடந்தது. ஆனால் கண்ணில் பழைய செம்மலர் இருந்தாள். ஜெசிந்தா சொல்லிமுடித்ததும் அவள் சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க்கா. வெச்சுக்காத."

"ஏண்டி? நான் மட்டும் வெளிய நின்னு காயணுமா? எவ்ளோ நாளாச்சு தெரியுமா, எங்கிட்ட ஒருத்தி பேசி?"

"தெரியும். அதான் சொல்றேன்." செம்மலர் வார்த்தைகளைத் தேடினாள். "உள்ள போனா பத்துப் பேரு இருப்பாங்கன்னு நெனச்சேங்க்கா. மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு, நல்லா இருந்துச்சு. பின்னாடி ரெஹானா வரா, இந்தப் பக்கம் சுதா வரான்னு தெரியும். போகப்போக அது இல்ல. யாரு ரெஹானா, யாரு நானுன்னு பிரிக்க முடியல. பத்துப் பேரும் கரைஞ்சு ஒருத்தியா ஆயிட்டோம். அந்த ஒருத்திக்கு..." அவள் உதட்டைக் கடித்தாள். "அவளுக்குப் பேச யாருமே இல்லக்கா. தன்கிட்டயே எப்படிப் பேசறது? அவ்வளவு பெரிய கிரவுண்டுல அவ ஒருத்திதான். ரொம்ப பயமா இருக்கும்."

ஜெசிந்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நாங்கதான் உன்ன ஒதுக்கி வெச்சுட்டோம்னு நெனச்சிருப்ப. அங்க எங்களுக்கு, எங்களுக்குன்னா, அவளுக்கு, இன்னொரு ஆளுன்னு இருந்தது நீ ஒருத்திதான். அடுத்து நீ என்ன பண்ணுவேன்னு எங்களுக்குத் தெரியாது. ஊறுகாய் கேப்பியான்னுகூடத் தெரியாது. நீ கேட்டப்ப எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமா? பதில் சொல்லத்தான் வாய் வராது." அவள் கண் நிறைந்துவிட்டது. "நீயும் உள்ள வந்துட்டா வெளிய யாருக்கா இருக்கா?"

ஜெசிந்தா அந்த வாரம் முழுக்க யோசித்தாள். பிறகு டாக்டரிடம் போய் வேண்டாம் என்று சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டார். "யாராச்சும் ஒருத்தி வெளிய இருக்கணும் டாக்டர்," என்றாள். டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் முடிவெடுப்பது அவர் இல்லை.

அவர்களுக்காகத்தான் வெளியே நிற்கிறோம் என்று ஜெசிந்தா நினைத்திருந்தாள். சீசன் முடிந்ததும் கிளப்பில் அவளை மரியாதையாக வழியனுப்பினார்கள். சால்வை போட்டார்கள். நெய்தல் அணிக்குப் புது கோல்கீப்பர் வந்தாள், பத்தொன்பது வயது, பிடரியில் மொச்சையோடு. இப்போது பதினொரு பேரும் உள்ளே.

ஜெசிந்தா மதுரை அணிக்குப் போனாள். அங்கே மொச்சை கிடையாது. கோச் சுந்தரவல்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அங்கே எல்லோரும் கத்தினார்கள், சண்டை போட்டார்கள், பாஸ் கொடுக்காதவளை மெஸ் வரை துரத்தித் திட்டினார்கள். ஜெசிந்தாவுக்குக் கொஞ்ச நாள் காது கூசியது. ஒரு வீட்டு மாடியில் தனி அறை எடுத்துக்கொண்டாள். செம்மலரிடமிருந்து சில தடவை போன் வந்தது. கால் தேறிவிட்டதாம். ஒரு தடவை பேச்சுக்கு நடுவே, "திரும்ப வெச்சுக்கிட்டேங்க்கா," என்றாள்.

"ஏய், நீதானேடி எங்கிட்ட வேணாம்ன?"

"வெளிய இருந்து பாத்தேன். முடியலக்கா. அந்தப் பயமே பழகிப்போச்சு போல." அதற்குப் பிறகு போன் வரவில்லை.

மறு சீசனின் கடைசி ஆட்டத்தில் நெய்தல் அணி மதுரைக்கு வந்தது. நல்ல வெயில். நெய்தலுக்குக் கோப்பைக்கு ஒரு டிரா போதும். மதுரை தோற்றாலோ சமன் செய்தாலோ லீக்கிலிருந்தே இறங்கிவிடும்.

ஜெசிந்தா முதன்முறையாக அந்த நெருக்குதலை எதிரிலிருந்து பார்த்தாள். பந்து அவள் காலில் இருந்தது. பதினொரு பேரும் கிளம்பினார்கள், அவர்களுடைய கோல்கீப்பர்கூடத் தன் கம்பத்தை விட்டு ஏறினாள். அவர்களுடைய வலது ஓரத்திலிருந்து வளைந்து ஓடிவந்தவள் செம்மலர். அந்த முகத்தில் செம்மலர் இல்லை. ஜெசிந்தாவின் டிஃபெண்டர்கள் இருவருக்கும் வழி அடைபட்டது. மிட்ஃபீல்டுக்கும் வழி அடைபட்டது. பந்தை எங்கே தள்ளுவது என்று ஜெசிந்தா தேடினாள்.

அப்போது அது நடந்தது. அவளை நெருங்கும்போது, பதினொரு பேரும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், தயங்கினார்கள். இமை தட்டும் நேரம்தான். அதற்குள் அவள் பந்தைத் தூக்கி வெளியே உதைத்துவிட்டாள். தற்செயல் என்று நினைத்தாள். மறுமுறை பந்து வந்தபோதும் அதேதான். மற்றவர்களிடம் பந்து இருக்கும்போது கத்திபோல் வந்தார்கள். அவளிடம் வரும்போது மட்டும் தயங்கினார்கள்.

இடைவேளையில் சுந்தரவல்லி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆத்தா, ஒண்ணு கவனிச்சியா? உங்கிட்ட வர்றப்ப மட்டும் லேசா நிக்கிறாக."

"கவனிச்சேன் மேடம்."

"என்னத்துக்கு?"

ஜெசிந்தாவுக்குத் தெரியும். "தெரியல," என்றாள்.

"என்னமோ இருக்கட்டும். அந்த நேரத்துல நடுவுல ஒரு சந்து தெறக்குது. வெளிய அடிக்காத. அவுகள வரவிட்டு, அதுக்குள்ள பாஸப் போடு."

இரண்டாம் பாதியிலும் ஜெசிந்தா பந்தை வெளியேதான் அடித்தாள். ஒவ்வொரு முறையும் பதினொரு பேரும் வந்தார்கள், ஒவ்வொரு முறையும் தயங்கினார்கள். அவர்கள் தன்னைப் பார்ப்பதற்காகத்தான் நிற்கிறார்கள் என்பது அவளுக்கு நெஞ்சில் குத்தியது. அந்தப் பெரிய மைதானத்தில் தனியாக இருக்கும் ஒருத்தி, தெரிந்த முகத்தைக் கண்டதும் ஒரு கணம் நிற்கிறாள். அதைப் போய் எப்படி உபயோகப்படுத்துவது?

கோல் இல்லாமல் ஆட்டம் முடிவுக்கு நெருங்கியது. அவளுடைய டிஃபெண்டர் ஒருத்தி, இந்தச் சீசனில்தான் லீக்குக்கு வந்தவள், அழுதுகொண்டே ஆடினாள். "அக்கா, ஏதாவது பண்ணுக்கா!" என்று பந்தை அவளிடம் தள்ளினாள். ஜெசிந்தாவுக்குள் வேறு எதுவோ எழுந்தது. அன்றைக்கு எவ்வளவு கத்தினாள், ஒருத்திகூடத் திரும்பவில்லையே! சால்வை போட்டு அனுப்பினார்களே! பந்தின்மேல் பாதத்தை வைத்தாள். வெளியே அடிக்கவில்லை. காத்திருந்தாள்.

வந்தார்கள். மிக அருகில் வந்தார்கள். தயங்கினார்கள்.

அவள் செம்மலரின் கண்ணை நேராகப் பார்த்தபடி பந்தை அந்தச் சந்துக்குள் விட்டாள். மதுரைக்காரிகள் மூன்றே பாஸில் மறுமுனைக்குப் போனார்கள். கோல். எல்லோரும் அந்த முனையில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூத்தாடினார்கள். இந்த முனையில் ஜெசிந்தா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு தனியாக நின்றாள்.

கடைசி விசில் ஊதியதும் மொச்சையை அணைத்தார்கள். மைதானத்தில் மேளமும் கூச்சலுமாக இருந்தது. ஜெசிந்தா கம்பத்தடியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். செம்மலர் நடந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே மற்றப் பத்துப் பேரும் வந்து புல்லில் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா அதுவரை சந்தித்தே இராத அந்தப் புது கோல்கீப்பர் பெண்ணும் அவர்களில் ஒருத்தி.

"வேணும்னுதான் பண்ணேன்," என்றாள் ஜெசிந்தா.

"தெரியும்க்கா." செம்மலர் ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எடுத்துப் பேசினாள். எல்லைக்கோட்டைத் தாண்டி டாக்டர் மீனலோசனி திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் காட்டினாள். "அந்தத் தயக்கம் அவங்களுக்கு இத்தன நேரமா தெரியாது. கோல் போனதால தேடிக் கண்டுபிடிச்சுட்டாங்க. நாளைக்கு அதையும் வடிகட்டிருவாங்க."

ஜெசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த கையுறை நழுவியது. அடுத்த முறை அவர்கள் அவளிடம் வரும்போது நிற்கமாட்டார்கள். அந்த ஒரு கணத்தை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது அவள்தான்.

"செம்மா, நான்..."

"பரவால்லக்கா. பஸ் வர வரைக்கும் ஏதாவது பேசு."

"இன்னாத்த பேசறது?"

"எதுனாலும்."

பதினொரு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஜெசிந்தா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். தன் மாடி அறையைப் பற்றிச் சொன்னாள். தண்ணீர் வராத குழாயைப் பற்றி, வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்து கறிவேப்பிலை பறிக்கிற சாக்கில் எட்டிப் பார்ப்பதைப் பற்றி, கூப்பிடாமலே குடிவந்த ஒரு சாம்பல் பூனையைப் பற்றி. அது அவளுடைய கோல்கீப்பர் ஜெர்சிமேல்தான் படுப்பேன் என்று அடம்பிடிப்பதைப் பற்றி. யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒருத்தியும் கண்ணை எடுக்கவில்லை. அவள் விடாமல் பேசினாள்.

பஸ் ஹாரன் அடித்தது. பதினொரு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒரே மாதிரி ஜெர்சியிலிருந்து புல்லைத் தட்டிவிட்டு நடந்தார்கள். ஜெசிந்தா சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் நின்றுபோனது.

கொஞ்ச தூரம் போனதும் செம்மலர் மட்டும் நின்று திரும்பினாள்.

"அப்புறம் அந்தப் பூனை என்னாச்சுக்கா?"

"என் ஜெர்சிமேலயே நாலு குட்டி போட்டு வெச்சிருக்கு, சனியன்!"

செம்மலர் வாய்விட்டுச் சிரித்தாள். மற்றப் பத்துப் பேரும் சிரிக்கவில்லை. அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவள் சிரித்து முடிப்பதற்குள் வெகுதூரம் போயிருந்தார்கள். தைத்த காலைக் கொஞ்சம் இழுத்தபடி அவள் ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.